அடிக்காமல் விட்ட விடைத்தாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு "மறைத்து விற்றுவிட்டான்" என்று பேச்சு வரக்கூடாது. இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, ஒரு கடிதத்தில் பிறந்தது. அதுவும் எனக்கு வந்த கடிதமல்ல. என் தங்கைக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு அனுப்பியது.

"தங்கள் பெயரில் இரண்டு பதிவெண்கள் நடப்பில் உள்ளன. ஒருவருக்கு ஒரு எண்ணே அனுமதி. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தங்களை நன்கு அறிந்த உறவினர் ஒருவருடன் நேரில் வரவும். உறவினர் அடையாளம் காட்டும் எண் தொடரும். மற்றது அடிக்கப்படும்."

அந்த உறவினர் நான். இன்று வியாழக்கிழமை.

மூன்று தலைமுறையாகத் துணி விற்கிற குடும்பம் எங்களுடையது. மற்ற வீடுகளில் ஒரு முடிவு எடுக்கக் கண்ணை மூடி யோசிப்பார்கள். நாங்கள் கண்ணைத் திறந்து பேசிப் பார்ப்போம். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து, "ம்ஹும், கட்டுப்படியாகாது" என்று தலையாட்டினால் போதும், எங்களுக்கு மூளை வேலை செய்யும். அந்த ஆள் நீங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) "அந்தப் பல்கலைக்கழகத்தின் பழுப்பேறிய சுவர்களுக்குள்..." (வேண்டாம். எல்லாப் பல்கலைக்கழகச் சுவரும் பழுப்புதான்.)

(ஆ) "இருபத்தேழு வயதில் ஒருத்தி மறுபடியும் முதலாமாண்டு வகுப்பில் நுழைந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்." (இது நடந்தது. அவளும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாளாம். வைத்துக்கொள்வோம்.)

(இ) "அவள் முதல் தடவை தோற்றதற்குக் காரணம்..." (பிறகு பார்க்கலாம்.)

விவரம் இதுதான். என் தங்கை பதினெட்டு வயதில் வேதியியல் படிக்கச் சேர்ந்தாள். முதல் ஆண்டில் எட்டுத் தாள். ஐந்தில் தோல்வி, மூன்றில் மயிரிழையில் தேறினாள். இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். எட்டு வருஷம் துணி அளந்தாள். ஒருநாள் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, நான் முதல்ல இருந்து படிக்கப் போறேன்" என்றாள். அதே பல்கலைக்கழகம், அதே வேதியியல்.

இப்போது அவளுக்கு முப்பது. கடைசிப் பருவம். எல்லாப் பருவத்திலும் எண்பதுக்கு மேல். இந்த நேரத்தில்தான் கடிதம்.

3

மதிப்பெண் மோசமானவர்கள் பழையதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று அங்கே ஒரு விதி உண்டு. புது எண் கொடுப்பார்கள். ஆனால் சும்மா கொடுக்க மாட்டார்கள். தேர்வுப் பிரிவின் பின்னறையில் உட்கார்ந்து, பழைய விடைத்தாள்களை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை சிவப்பு மையால் கோடு இழுத்துக் கையெழுத்துப் போடவேண்டும். அவரவர் தாளை அவரவர் கையால். இதற்குத்தான் அடிப்பது என்று பெயர்.

தங்கை ஏழு தாளை அடித்தாள். எட்டாவது, இயற்பிய வேதியியல். எழுத்தர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அதைத் துப்பட்டாவுக்குள் செருகிக்கொண்டாள். அவர் திரும்பி வந்து கட்டை அப்படியே நூலால் கட்டிவிட்டார். எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இந்தக் கதை இல்லை.

வீட்டுக்கு வந்து அதை என் முன்னால் போட்டாள்.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? எதுக்கு இது?"

"மாதிரிக்குண்ணா. நம்ம வீட்டுப் பழக்கம்தானே."

பழக்கம்தான். எங்கள் கடையில் ஒரு ரகம் எவ்வளவு வேகமாகப் போனாலும் கடைசி ஒரு சாண் துணியை விற்க மாட்டோம். அதை வெட்டி, எண் எழுதி, அளவு மேசையின் இழுப்பறையில் போடுவோம். நாளைக்கு யாராவது வந்து "இதே மாதிரி வேணும்" என்றால் எடுத்துக் காட்டவேண்டும் இல்லையா? "முழுசையும் குடுத்துட்டா, அப்படி ஒண்ணு இருந்ததுக்கே அத்தாட்சி இருக்காதுடா" என்பார் அப்பா.

துணிக்கு அது சரி. தாளுக்கு அது சரியா என்று எங்கள் பரம்பரையில் யாரும் யோசித்ததில்லை. தங்கை அந்தத் தாளை இழுப்பறையில், துண்டுத் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

* ஓரமாக ஒன்று. அடித்த ஏழு தாளோடு ஏழு நாள் அவளைவிட்டுப் போய்விட்டது. இதை ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

"கனிம வேதியியல் பரீட்சை அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டு வந்தியே, உன் குடையை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஒரே அழுகை. ஞாபகம் இருக்கா?"

"யாரு, நானா?"

"பின்ன நானா பரீட்சை எழுதினேன்?"

"எனக்கு அப்போ குடையே கிடையாதேண்ணா."

நடிக்கவில்லை. வாடிக்கையாளர் பொய் சொன்னால் எனக்குக் கழுத்து நரம்பிலேயே தெரிந்துவிடும். அவள் கழுத்து அமைதியாக இருந்தது. அந்த நாள் அவளிடம் இல்லை.

4

முதல் பருவ முடிவுகள் வந்தன. தங்கையின் புது எண்ணுக்கு எண்பத்தொன்று. அதே பலகையில், மேலே மூன்றாவது வரியில், அவளுடைய பழைய எண். அதற்கு முப்பத்துநாலு.

"கம்ப்யூட்டர் தப்பு" என்றாள்.

இரண்டாம் பருவத்தில் பழைய எண் நாற்பத்தேழு வாங்கியது. பிறகு ஐம்பத்தெட்டு. பிறகு எழுபது. தப்பு செய்கிற கம்ப்யூட்டர் எங்கேயாவது படித்து முன்னேறுமா? போன பருவத்தில் என் தங்கை எண்பத்தைந்து. பழைய எண் எண்பத்தாறு.

இப்போது ஒரு பாத்திரத்தை உள்ளே விடவேண்டும். ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்குகிற அம்மா. இவரை நான் நேரில் பார்த்ததில்லை, தங்கை சொல்லித்தான் தெரியும். முதலில் குண்டாக எழுதினேன். தங்கை படித்துவிட்டு, "அந்தம்மா ஒல்லிண்ணா, உனக்கு எல்லாரையும் ரெண்டு மீட்டர் கூட வெட்டியே பழக்கம்" என்றாள். சரி, ஒல்லி. அவர் ஒருநாள் தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தங்கச்சி எவ்வளவு சுத்தமா கழுவி வச்சிட்டுப் போறா! நீ இருக்கியே, அப்படி அப்படியே போட்டுட்டு ஓடுற."

"எனக்குத் தங்கச்சி இல்லைங்க. ஒரு அண்ணன்தான்."

"அப்போ உங்க வீட்டுல உன்கிட்ட எதையோ மறைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த அம்மாவை நம்பலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கதையில் இப்படி ஒருத்தரை நுழைத்துச் சேதி சொல்ல வைப்பது பழைய உத்தி. வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடிதம் வருவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது குறுக்கே நிற்கிறது.

5

அன்று தங்கை ஆய்வகக் கோட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கொடுக்கப் போனேன். காலை பதினொரு மணி, சுள்ளென்று வெயில். பேய்க்கதைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத நேரம். ஆய்வக வராந்தாவில் ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் ஆளைப் பார்க்கவில்லை, துணியைத்தான் முதலில் பார்த்தேன். தொழில் புத்தி. சாம்பல் கலந்த நீலம், பொடிக் கட்டம், நாலு விரற்கடைக்கு ஒருமுறை ஒரு இழை தடித்து ஓடும் நெசவுப் பிசகு. அந்தப் பிசகுக்காகத்தான் அந்தக் கட்டை நான் அடித்துப் பேசி வாங்கினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன். ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது. நெய்த ஆலையே இப்போது இல்லை. பன்னிரண்டு வருஷத் துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முழங்கையில் வெளுத்திருக்கும், தையல் ஓரம் நைந்திருக்கும். இது கஞ்சி மொடமொடப்புகூடப் போகாமல் இருந்தது.

அவள் திரும்பினாள்.

(இங்கே வர்ணனை எழுதினேன், அடித்துவிட்டேன். பதினெட்டு வயதில் என் தங்கை எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள். அவ்வளவுதான்.)

"அண்ணா, பத்து நிமிஷம் ஆயிடுச்சா? நான் போகலாமா?"

எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். அன்று கோட்டை வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். ஓடவில்லை. ஓடினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வேகமாக நடந்தேன்.

சாயங்காலம் தங்கை வந்து சண்டை பிடித்தாள். "கோட் கொண்டுவரேன்னு போன்ல சொன்னல்ல? குடுக்காமலே போயிட்டே. உன்னை நம்பி உட்கார்ந்திருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மறுநாள் அந்த ஒல்லி அம்மா அவளிடம் சொன்னாராம்: "உன் தங்கச்சிக்குக் கோட்டு கொஞ்சம் பெரிசு. கையை மடிச்சு விட்டுக்கிட்டிருக்கா."

அந்த அம்மா கதையில் இருக்கட்டும்.

6

அதற்குப் பிறகுதான் இழுப்பறையைத் திறந்தேன். மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லை. துண்டுத் துணிகளுக்கு அடியில் விடைத்தாள் இருந்தது.

அதில் ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தது. நானே மூன்று வருஷத்துக்கு முன் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம், பிறகு வெறும் தாள். இப்போது கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் வரை நிரம்பியிருந்தது. பெரிய பெரிய எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து. என் தங்கை இப்போது இப்படி எழுதுவதில்லை. கடையில் சீட்டு எழுதி எழுதி எழுத்து சுருங்கிவிட்டது. கடைசி வரியில் விரலை வைத்தேன். மை விரலில் ஒட்டியது.

தங்கையிடம் காட்டினேன். அவள் அலறவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். ஒரு சமன்பாட்டில் விரலை நிறுத்தினாள்.

"இங்க ஒரு குறி தப்பு" என்றாள். பக்கத்தைப் புரட்டிவிட்டு, "மத்தபடி நல்லா எழுதியிருக்கா" என்றாள்.

"இப்பவே சிவப்புப் பேனா எடுத்து அடிச்சிடு. தொல்லை விட்டுச்சு."

"நீ அடி பாக்கலாம்."

"என் தாள் இல்லையே."

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு, இது என் தாளான்னு" என்று சொல்லித் துண்டுகளுக்கு அடியில் திரும்ப வைத்தாள்.

7

இன்று சனிக்கிழமை. மேலே உள்ள ஆறு பகுதியையும் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அப்போது இந்த ஏழாவது பகுதியில் வேறொன்று இருந்தது. இரண்டாம் பகுதியில் பாதியில் விட்ட வாக்கியத்தை இங்கே முடித்திருந்தேன்:

"அவள் முதல் தடவை தோற்றதற்குக் காரணம், அந்த வயதுக்கே உரிய விளையாட்டுப் புத்தி."

தாள்கள் மேசைமேல் கிடந்தன. போய் எடுத்தேன். ஓரத்தில் தங்கையின் குறிப்புகள், பொடி எழுத்தில்: "அந்தம்மா ஒல்லி", "எழுபது இல்ல, எழுபத்தொண்ணு", "நீ ஓடினதை நான் மாடியில இருந்து பார்த்தேன்". (மதிப்பெண்ணை நான் திருத்தவில்லை. கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டால் அப்புறம் மதிப்பிருக்காது.)

விளையாட்டுப் புத்தி என்ற வரிக்குப் பக்கத்தில் வேறொரு எழுத்து. பெரியது, வலப்பக்கம் சாய்ந்தது.

"இல்லண்ணா."

இனி பேரம் இல்லை. விலையைச் சொல்லிவிடுகிறேன்.

இயற்பிய வேதியியல் பரீட்சை அன்று காலை கடையில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடைத் துணி. வந்தவர்கள் இழுபறிக்காரர்கள், கழுவுகிற மீனில் நழுவுகிற ரகம். அவர்களை நிறுத்தி வைக்கிற வாய் எங்கள் வீட்டில் என் தங்கைக்குத்தான் உண்டு. அவள் புத்தகத்தோடு கிளம்பி வாசலில் நின்றாள். "பத்தே நிமிஷம் நில்லு, நானே வண்டியில கொண்டுபோய் விடறேன்" என்றேன். நின்றாள். வியாபாரி சொல்கிற பத்து நிமிஷம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஆர்டர் முடிந்தது. பரீட்சை தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி உள்ளே விடவைத்தேன். அதனால்தான் ஒன்றரைப் பக்கம்.

அது ஒரு நாள்தான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. எட்டில் ஐந்து நாள் அப்படி. ஒவ்வொரு முறையும் ஒரு ஆர்டர், ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம். மதிப்பெண் வந்தபோது, "படிப்பு எல்லாருக்கும் வராது, விடு" என்று ஆறுதல் சொன்னவனும் நான்தான்.

நாலு நாளை அவள் சிவப்பு மையால் அடித்து மறந்துவிட்டாள். ஐந்தாவது நாள் இழுப்பறையில் இருக்கிறது. அதனால்தான் அது மட்டும் இன்னும் அவளுக்கு ஞாபகம். ஒருநாள்கூட என்னைக் கேட்டதில்லை.

இப்போது நிலவரத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை நான் புது எண்ணைக் காட்டினால் என் தங்கைக்குப் பட்டம். பழைய எண்ணோடு அந்தக் கடைசி நாளும் போய்விடும். நான் செய்தது உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு இவ்வளவு லாபமான சரக்கு தானாக வந்து மடியில் விழுந்தால் நான் உடனே துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். பார்த்தேன். பின்பக்கம் ஒருத்தி, மொடமொடக்கும் பொடிக் கட்டத்தில், "நான் போகலாமா" என்று கேட்டுக்கொண்டு இருக்கிறாள்.

8

ஞாயிறு. முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன. தொட்டுப் பாருங்கள்.

முதல் முடிவு: புது எண். தங்கை மேடையேறுகிறாள். எல்லாரும் கைதட்டுகிறோம். (நன்றாக விற்கும். துவைத்தால் சாயம் போகும்.)

இரண்டாவது: பழைய எண். மத்தியானம் நானும் பதினெட்டு வயதுப் பெண்ணும் வீட்டுக்குத் திரும்புகிறோம். மேசையில் ஒரு படிக்கிற கண்ணாடி கிடக்கிறது. "யாருதுடா இது?" என்று அப்பா கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. போட்டுப் பார்க்கிறோம், யாருக்கும் பொருந்தவில்லை. (இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தங்கை அறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருந்தாள். "என்னண்ணா?" என்றாள். "சும்மா" என்றேன்.)

மூன்றாவது: எல்லாம் கம்ப்யூட்டர் தப்பு. (விரலில் ஒட்டிய மை இன்னும் போகவில்லை. வேண்டாம்.)

தங்கையிடமே கேட்டேன். "யாரைக் காட்டட்டும்?"

"மூணு வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சது நான். அதைச் சொல்லிட்டேன். இதுக்கு மேல நான் சொன்னா நியாயமா இருக்காது. உனக்கு என்னைத் தெரியும்ல? நீயே காட்டு."

9

திங்கட்கிழமை. தேர்வுப் பிரிவின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நானும் தங்கையும் வந்தபோது நீள பெஞ்சின் ஒரு முனையில் அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். தங்கை அவளைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறு முனையில் உட்கார்ந்தாள். பிறகு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் போனாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்லக்கா. நேரமாயிடும்னு வந்துட்டேன்."

தங்கை பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். இதை நான் எழுதிய எந்த முடிவிலும் எதிர்பார்க்கவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர். விடைத்தாள் கட்டை எண்ணாமல் கட்டிய அதே மனிதர். படிவத்தை நீட்டினார்.

"எந்த எண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். ஒரு மணிக்கு மூடிடுவேன்."

"ரெண்டையும் வச்சுக்க ஒரு வழி பண்ணுங்களேன்."

"இது துணிக்கடை இல்ல சார்."

"துணிக்கடையா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேனே. இப்படி அடிக்கடி நடக்குமா?"

"வருஷத்துக்கு ரெண்டு மூணு வரும். அடிக்கச் சொன்னா எவராவது ஒரு தாளை ஒளிச்சு வச்சுடறாங்க. பெரும்பாலும் புதுசைத்தான் காட்டுவாங்க. பழசுக்குன்னு யாரும் வர்றதில்ல."

"பழசு என்ன ஆகும்?"

"அடிச்சிடுவோம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இந்தக் கேள்வியை நீங்களே கேட்க மாட்டீங்க சார்."

படிவத்தில் ஒரு கேள்வி: "இவரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்?" முப்பது என்று எழுதப் போய் நிறுத்தினேன். பதினெட்டு என்று எழுதப் போய் அதையும் நிறுத்தினேன். அந்த வயதில் அவளை நான் எங்கே அறிந்தேன்? நிற்க வைத்தேன். கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "அடையாளம் காட்ட இயலாவிட்டால் காரணத்தைத் தனித்தாளில் இணைக்கவும்."

"இணைச்சா என்ன ஆகும்?"

"படிச்சுப் பார்த்து முடிவு பண்ணுவாங்க."

"யாரு? பதிவாளரா?"

"யாரு கடைசி வரைக்கும் படிக்கிறாங்களோ அவங்க. விதி அப்படித்தான் சார் இருக்கு."

"யாருமே கடைசி வரைக்கும் படிக்கலைன்னா?"

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்போ ரெண்டும் நடப்புல இருக்கும். அதனாலதான் இந்த வரியை இவ்வளவு பொடியா அடிச்சிருக்கோம்."

வியாழக்கிழமையிலிருந்து எழுதிய எல்லாத் தாளையும் படிவத்தோடு சேர்த்துக் குத்தி, ஜன்னல் வழியாக உள்ளே தள்ளப் போகிறேன். இந்தப் பக்கத்துக்கு முன்னால் நீங்கள் எங்கேயாவது சலித்து நிறுத்தியிருந்தால் நல்லது நடந்திருக்கும். நடுவில் நாலைந்து இடத்தில் கதையை வேண்டுமென்றே இழுத்தேன், கவனித்தீர்களோ என்னவோ. நீங்கள் நிறுத்தவில்லை, இனி காட்டவேண்டியது நீங்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் கூப்பிட்டு உட்கார வைத்தவன்தானே.

பெஞ்சில் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இந்தத் தாளைப் பிடித்திருக்கிற உங்கள் கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்:

"படிச்சாச்சுங்களா?"

கேட்டது எவள் என்று நான் எழுதினால், சாட்சி சொன்னதாகிவிடும்.